கரண்டு லாத்தா

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால், எழுதியதை அனுப்பு, முழுசாகப் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்பார். படிக்கவும் செய்வார். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவார். நான் இருபது நிமிஷம் என்று எழுதிய இடத்தில் பதினேழு நிமிஷம் என்று திருத்துவார். கடைசியில் இது என் கட்டுரையாக இருக்காது. எங்கள் இருவருக்கும் நடுவே போட்ட ஒப்பந்தம் மாதிரி ஆகிவிடும். ஆகவே லாத்தா என்றே சொல்கிறேன்.

அவர் ஊர் காயல்பட்டினம். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். நான் பொள்ளாச்சிக்காரி, எனக்கு அந்தச் சொல் தெரியாது. பழகிய புதிதில் அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கான்னு கூப்பிட இந்த ஊர்ல நூறு பேர் இருக்காங்க. நீ லாத்தான்னே கூப்பிடு" என்றார். டெக்சஸில் ஆலன் நகரை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நாங்கள் இருந்த ஐந்து வருஷமும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

முதலில் அவரைப் பார்த்தது ஆலனில், பிள்ளைகள் குதித்து விளையாடுகிற டிராம்போலின் கூடம் ஒன்றில். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள். உள்ளே போகுமுன் வாசலில் இருந்த டேப்லெட்டில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். கைகால் உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்கிற வழக்கமான சமாசாரம். எல்லாரும் விரலால் சர்ரென்று கீழே தள்ளி, ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் மட்டும் நகரவில்லை. வெளிர்பச்சை முக்காடு, தோளில் பெரிய துணிப்பை, மூக்கு நுனியில் கண்ணாடி. படித்துக்கொண்டிருந்தார். வரிசை எனக்குப் பின்னால் நீண்டு, கதவைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது. அவர் மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். "அம்மா, எவ்ரிபடி இஸ் வெயிட்டிங்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெயிட் பண்ணட்டும்மா. கால் உன்னோடது" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படித்து முடித்து, கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், பிறந்தநாள் விருந்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு சாக்ஸ் இலவசம் என்று பதினோராவது பத்தியில் இருக்கிறதே, ஏன் எல்லாரிடமும் காசு வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் அந்தப் பத்தியை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எல்லாருக்கும் சாக்ஸ் காசு திரும்பி வந்தது. இருந்தும் அந்த விருந்தில் யாரும் லாத்தாவுக்கு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. வெயிலில் நின்ற கோபம் யாருக்கும் தணியவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. அமெரிக்கா வந்த புதிதில் பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் பன்றிக்கொழுப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படித்துப் படித்து வந்தது என்று ஒரு சாரார். பக்கத்து ஊரான பிளேனோவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருந்தார். தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று என் கணவர். ஆனால் லாத்தாவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், இது அதற்கெல்லாம் முந்தையது என்பார். அதற்கு அவரிடம் சாட்சியே இருந்தது: அவருடைய கல்யாணம்.

நிக்காஹ் அன்று பதிவுப் புத்தகத்தைப் பெண் இருக்கும் பக்கம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவருவார்கள். மணப்பெண் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். லாத்தாவும் தலையைக் குனிந்தார், படிப்பதற்கு. முழுப் பக்கத்தையும் படித்துவிட்டு, மாப்பிள்ளையுடைய வாப்பாவின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது, திருத்திக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். "இருபது நிமிஷம். பொண்ணுக்குச் சம்மதம் இல்ல போலன்னு எங்க உம்மா அழவே ஆரம்பிச்சிட்டாங்க" என்று அண்ணன் ஒவ்வொரு விருந்திலும் சொல்வார். லாத்தா அவர் தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டே, "அந்தத் தப்போட கையெழுத்துப் போட்டிருந்தா நான் வேற யாரோட மகனையோ கட்டினதா ஆயிருக்கும்லா" என்பார். சிரிக்கவே மாட்டார்.

இப்படிப்பட்ட ஒருவரைக் கடவுள் கொண்டுபோய் டெக்சஸில் விட்டிருந்தார். அங்கே பெரும்பாலான ஊர்களில் கரண்டைக் கூடக் கடையில் சாமான் பார்ப்பது மாதிரி பார்த்துத்தான் வாங்க வேண்டும். கம்பி ஒருவருடையது, மின்சாரம் தயாரிப்பவர் வேறு, நமக்கு விற்பவர் வேறு. விற்பவர்கள் ஏகப்பட்ட பேர். ஒவ்வொருவரிடமும் ஏகப்பட்ட திட்டங்கள். பெயர்களைப் பார்த்தால் ஐஸ்கிரீம் வகைகள் மாதிரி இருக்கும். புது வீட்டுக்குப் போன அன்று என் கணவர் பட்டியலில் முதலில் இருந்ததைத் தட்டினார். அதுதான் இருப்பதிலேயே மலிவு என்றார். நானும் சரி என்றேன். அதற்கு மேல் படிக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன.

லாத்தா அந்தத் தாளைப் பார்த்தது ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். பென்சில் டிக்குகள் ஓரத்தில் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றன.

"ஏம்மா, இத முழுசா படிச்சியளா?"

ஒரு மாதத்தில் ஆயிரம் யூனிட் செலவானால்தான் அந்த விலை. ஆயிரத்துக்கு ஒன்று குறைந்தாலும் தள்ளுபடி கிடையாது, விலை எகிறிவிடும். கோடையில் ஏசி ஓடியதால் எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது அக்டோபர். ஏசியும் இல்லை, ஹீட்டரும் இல்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது லாத்தாவிடமிருந்து செய்தி வந்தது: மீட்டர் கணக்கைப் பார்த்தாயா, இன்னும் நாற்பது யூனிட் வேண்டும்.

அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அழுக்கே இல்லாத திரைச்சீலைகளை எல்லாம் துவைத்தோம். காய்ந்த துண்டுகளை டிரையரில் போட்டு மறுபடி காயவைத்தோம். நான் நான்கு தட்டு கேக் சுட்டேன். என் கணவர் ஓவனைத் திறந்துபோட்டு வீட்டைச் சூடாக்கி, பிறகு ஏசியைப் போட்டுக் குளிரவைத்தார். மதியத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. ஆயிரத்து மூன்றில் கரையேறினோம். லாத்தா வந்து ஒரு துண்டு கேக் சாப்பிட்டார். எங்கள் சந்தோஷம் எதுவும் அவருக்கு ஒட்டவில்லை.

"இது என்ன கூத்து? மிச்சம் பிடிச்சா அபராதம், வீணாக்கினா பரிசு. இதை எழுதினவன் நல்லாப் படிச்சவன். அதான் எனக்குக் கோவம்" என்றார்.

அதற்கப்புறம்தான் அவர் கரண்டு லாத்தா ஆனார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உயிர்மெய் எழுதிக்கொண்டிருக்கும்போது, கேன்டீன் மேஜையில் லாத்தாவுக்கு எதிரே பெரியவர்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒப்பந்தம் முடியப் போகிறது, எதை எடுக்கட்டும் என்று கேட்பார்கள். அவர் யாரையும் சும்மா விடமாட்டார். இராத்திரி கரண்டு இலவசம் என்கிற திட்டத்தை ஆசையாகக் கொண்டுவந்த ஒருவரிடம், பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள், மாமியார் எத்தனை மணிக்குச் சமைப்பார், டிவி எத்தனை என்று அரை மணிநேரம் விசாரித்தார். அந்த மனிதர் அடுத்த வாரம் கேன்டீன் பக்கம் வராமல், மகனை வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தார். என் கணவர் ஜிம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதை லாத்தாவிடம் மூன்று மாதம் மறைத்தார்.

எங்களுக்கு அடுத்த திட்டம் தேட லாத்தாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று. தந்திரம் இல்லாத ஒன்றுதான் வேண்டும் என்று பிடிவாதமாகத் தேடினார். கிடைத்தது. மாதம் ஒரு சின்னக் கட்டணம். மற்றபடி மின்சாரத்தின் மொத்த வியாபாரச் சந்தையில் அந்தந்த நேரம் என்ன விலையோ அதே விலைதான் நமக்கும். தள்ளுபடி இல்லை, ஆயிரம் யூனிட் கணக்கு இல்லை, பொடி எழுத்து இல்லை. கடைசிப் பக்கம் வரை டிக் போட்டு முடித்து, "இதுல பொய் இல்லம்மா. எனக்கு ஜூன் வரை பழைய ஒப்பந்தம் இருக்கு, இல்லன்னா நானே இதுக்கு மாறியிருப்பேன். நீ மாறு" என்றார். மாறினோம். ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே இருந்தது. அவருக்கு ஜூன் வந்தபோது அண்ணன் சோம்பல்பட்டுப் பழையதையே புதுப்பித்துவிட்டார். அதற்காக அவர் வாங்கிய திட்டை நாங்கள் கூட இருந்து கேட்டோம்.

பிறகு அந்தப் பிப்ரவரி வந்தது.

டெக்சஸில் அந்த மாதிரிப் பனி யாரும் எதிர்பார்க்காதது. மின் நிலையங்கள் உறைந்து ஒவ்வொன்றாக நின்றன. ஊர் ஊராகக் கரண்டு போயிற்று. எங்கள் தெரு தீயணைப்பு நிலையத்தின் லைனில் இருந்ததால் எங்களுக்கு மட்டும் போகவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு லாத்தாவும் அண்ணனும் மகளும் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, ஒரு பானை மீன் குழம்போடு, பனிக்கட்டி ரோட்டில் இரண்டு தெரு நடந்து வந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பணியாரம் சுட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை லாத்தா வீடு முழுக்க நடந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார். காபி மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். எல்லாரையும் ஒரே அறையில் உட்காரச் சொன்னார். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அ லேம்ப்" என்றாள் மகள். லாத்தா அதையும் அணைத்தார். வழக்கமான பிடிவாதம் என்று நானும் கிண்டலாக ஏதோ சொன்னேன். அவர் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"தம்பி, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும். நீயும் உக்காரும்மா."

போனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். சந்தையில் கரண்டு விலை எவ்வளவு ஏற முடியும் என்று அரசாங்கம் ஒரு உச்சவரம்பு வைத்திருந்தது. விலை அந்த உச்சியில், வழக்கத்தைப் போலப் பல மடங்கில், நின்றுகொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்தே அங்கேதான் நின்றது. நாங்கள் சுட்ட ஒவ்வொரு பணியாரத்துக்கும் அந்த விலை.

"அந்த வரம்பு ஒப்பந்தத்துல இருந்துச்சு. நான் படிச்சேன். அதுக்கும் டிக் போட்டேன். படிச்சப்ப, இதெல்லாம் எப்ப வரப்போகுதுன்னு நெனச்சேன்" என்றார்.

என் கணவர் உடனே வேறு கம்பெனிக்கு மாறப் பார்த்தார். ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கூப்பிட்டார். அந்த வாரம் புது ஆட்களை எடுப்பதில்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். லாத்தா எழுந்து மகளின் ஜாக்கெட்டை எடுத்தார். நாங்கள் வீட்டுக்குப் போகிறோம், ஆள் குறைந்தால் ஹீட்டரைக் குறைக்கலாம் என்றார். அவர்கள் வீட்டுக்குள் அப்போது தண்ணீர்க் குழாய் உறைந்து கிடந்தது. என் கணவர் போய் வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"லாத்தா, நீங்க போனா நானும் குடும்பத்தோட அங்க வந்து உக்காந்துக்குவேன். அப்புறம் உங்க இஷ்டம்."

போகவில்லை. மூன்று நாள் இருந்தார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் லாத்தா எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்தாரா, தண்டனை அனுபவித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஹீட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தோள் ஒருமுறை குறுகும். கார்டிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளப்பட்ட அந்தத் தொகையை இங்கே எழுத வேண்டியதில்லை. அந்த வருஷம் நாங்கள் ஊருக்கும் போகவில்லை, இரண்டாவது காரும் வாங்கவில்லை. பாதியைத் தானே தருகிறேன் என்று லாத்தா வந்து நின்றார். என் கணவர் வாங்க மறுத்துவிட்டார். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோயிற்று. தமிழ்ப் பள்ளிக் கேன்டீன் மேஜையும் காலியாகக் கிடந்தது. யாராவது போனை நீட்டினால், எனக்குத் தெரியாதும்மா, வேறு யாரையாவது கேளுங்கள் என்று விலகிப் போய்விடுவார்.

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தது. ஒரு மாதம் போலவே இருந்தது. பில் வந்த அன்று, இவர் எங்கள் வாழ்க்கைக்குள் வராமலே இருந்திருந்தால் அந்த ஆயிரம் யூனிட் கூத்தோடு போயிருக்குமே என்று நினைத்தேன். அந்தக் கோபத்தைக் கரைத்தது அவருடைய மகள்தான். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, ரகசியம் மாதிரி சொன்னாள்: "ஆன்ட்டி, அம்மா ஸைன்ட் மை ஃபீல்ட் ட்ரிப் ஃபார்ம். ஷீ டிடின்ட் ஈவன் ரீட் இட்." அம்மா படிக்காமலே கையெழுத்துப் போட்டதைச் சொல்லும்போது அவள் கண்ணில் பயம் இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருக்கிறாள்.

அந்த வாரம் தண்ணீர் பில்லோடு நகரசபையிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது. வழக்கமாக நான் குப்பையில் போடுவது. அதை எடுத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போனேன். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்று சொல்லி மேஜையில் வைத்தேன். வைத்துவிட்டு, அவர் மகளிடம் ஏதோ பேசுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு இழுப்பறை திறக்கிற சத்தம். பென்சில்.

விஷயம் இதுதான். தெருவிளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் நூலகத்து ஏசிக்கும் எங்கள் ஊரும் அதே சந்தையில்தான் கரண்டு வாங்கியது. ஊருக்கும் அதே தலைவலி. அதனால் பல நகரங்கள் ஒன்றாகச் சேர்ந்து, சந்தை விதிகளை மாற்றச் சொல்லிச் சட்டசபையிடம் போகப்போகின்றன. குளிருக்கு முன்னால் மின் நிலையங்களைத் தயார் செய்ய வேண்டும், திட்டங்களைச் சாதாரண ஆள் ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும் என்று ஒரு பட்டியல். அதில் எங்கள் ஊரும் சேரலாமா என்று நகரசபை தீர்மானம் போடப்போகிறது. யாரும் வந்து பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம்.

"சிட்டியும் நம்மள மாதிரி ஒரு கஸ்டமர்தானா" என்றார் லாத்தா. அன்றைக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் தீர்மானத்தோடு இணைத்திருந்த இருநூறு பக்கத்தையும் நூலகத்தில் அச்செடுத்து வந்துவிட்டார் என்று மறுநாள் அண்ணன் போனில் சொன்னார். சொன்ன குரலில் நிம்மதி இருந்தது.

நகரசபைக் கூட்டத்துக்கு நானும் போனேன். பேசுகிறவர் முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு எரியும். லாத்தா மைக்கின் முன்னால் நின்று, நூற்று எழுபத்தாறாம் பக்கத்தைத் திருப்புங்கள் என்று ஆரம்பித்தார். மேடையில் இருந்த ஏழு பேரும் அவசரமாகத் தேடினார்கள். மேயர் பாதி வழியில், எந்தப் பக்கம் அம்மா என்று மறுபடி கேட்டார். அவர்களுக்குப் பக்கம் கிடைப்பதற்குள் மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. லாத்தா அசரவில்லை. வீட்டுக்காரர்களுக்கு மொத்தச் சந்தை விலையில் கரண்டு விற்கிற திட்டங்களைப் பற்றி இந்தப் பட்டியலில் ஒரு வரி கூட இல்லை, அதைச் சேர்த்தால் நல்லது என்று சொல்லி, எழுதிக்கொண்டுவந்த அந்த ஒரு வரியைப் படித்தார். சிவப்பு எரிந்தபோது முற்றுப்புள்ளி வைத்திருந்தார். தொப்பி போட்ட ஒரு வயதான உறுப்பினர், சேர்க்கலாம் என்றார். ஏழு பேரும் கை தூக்கினார்கள்.

ஏப்ரலில் சட்டசபைக் குழுவின் விசாரணை, மாநிலத் தலைநகர் ஆஸ்டினில். நகரங்களின் சார்பில் அதிகாரிகள் போனார்கள். பாதிக்கப்பட்ட மக்கள் தரப்பிலிருந்தும் ஒருவர் பேசினால் நல்லது என்று எங்கள் நகரசபை ஆபீசில் லாத்தாவைக் கேட்டிருந்தார்கள். என்னைக் கூட வரச் சொன்னது அவர்தான். வெயில் ஏறுமுன் கிளம்பினோம். நான் டிரைவ் பண்ணினேன். பெட்ரோல் போட்ட இடத்தில் வாங்கிய பன்னின் பாக்கெட்டை வேகோ ஊரைத் தாண்டும் வரை படித்துவிட்டு, சாப்பிடலாம் என்றார். அதைத் தவிர வழி முழுக்க அதிகம் பேசவில்லை.

அங்கே இரண்டே நிமிஷம் கொடுத்தார்கள். நான் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விதிகளைப் பற்றி, வரம்பைப் பற்றிப் பேசுவார், பக்க எண் சொல்வார் என்று நினைத்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டார். எனக்குப் பின்னால் என் சிநேகிதி உட்கார்ந்திருக்கிறாள், அவளை இந்தத் திட்டத்தில் சேர்த்துவிட்டது நான்தான் என்றார். அந்தப் பனியில் என் வீட்டில் கரண்டு இல்லாமல் அவள் வீட்டில்தான் இருந்தேன், அவள் எங்களுக்காக ஹீட்டர் போட்டாள், அதற்கான விலையை நான் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார்.

குழுவில் ஒருவர், மரியாதையாகவே, நிபந்தனைகளை உங்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவித்திருந்தார்கள் அல்லவா என்று கேட்டார்.

ஆமாம், ஒவ்வொரு வார்த்தையும் என்றார் லாத்தா. அதை முழுசாகப் படித்த ஒரே ஆள் இந்த மாநிலத்திலேயே நானாகத்தான் இருப்பேன். அறையில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை காத்திருந்தார். படித்தேன், புரிந்தது, ஏமாந்தேன். இதுவரை நான் எல்லாரிடமும் படிக்கவில்லையா, படிக்கவில்லையா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். படிப்பது மட்டும்தான் எங்களால் முடியும். எழுதுவது நீங்கள். இவ்வளவு சொல்லிவிட்டு நன்றி என்று எழுந்துவிட்டார். இன்னும் இருபது விநாடி பாக்கி இருந்தது.

வீடுகளுக்கு அந்த மாதிரித் திட்டத்தை விற்கக் கூடாது என்று பிறகு சட்டம் வந்தது. அது லாத்தாவால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆதாரம் கேட்பார். நகரங்கள் கேட்ட மற்றவற்றில் பாதி கூடக் கிடைக்கவில்லை. சட்டசபை கூடும்போதெல்லாம் அவர்கள் அதே பட்டியலோடு போகிறார்கள் என்று கேள்வி. ஆயிரம் யூனிட் திட்டம் இன்னும் இருக்கிறதாம். நாங்கள் இப்போது கலிபோர்னியாவில் மில்பிடாஸுக்கு வந்துவிட்டோம். லாத்தா அங்கேயேதான் இருக்கிறார்.

அன்று ஆஸ்டினிலிருந்து திரும்பும்போது, டாலஸ் நெருங்குகையில் அவர் என் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இப்ப உன் வீட்டுக்கு வரட்டுமாம்மா? ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்."

தலையை ஆட்டினேன். கவனித்திருப்பார்.

ஏப்ரல்தான், ஆனால் வெயில் ஜூன் மாதிரி அடித்தது. வீட்டுக்கு வந்ததும் நான் டீ போடப் போனேன். தட்டோடு வந்து பார்த்தால், லாத்தா சோபாவில் பக்கவாட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. என் கணவர் வேலை முடிந்து மாடியிலிருந்து இறங்கி வந்தவர், ஒன்றும் கேட்காமல் போய் ஏசியை இரண்டு டிகிரி குறைத்தார். நான் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

அவர் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆஸ்டின் போன செய்தி தமிழ்ப் பள்ளிக் குழுவில் பரவியிருக்க வேண்டும். பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் கரண்டு ஒப்பந்தம் ஒன்றை ஐந்து பக்கமும் படம் பிடித்து அனுப்பியிருந்தார். இன்றைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் லாத்தா என்று கீழே. நான் என் போனை எடுத்து அந்த மனிதருக்கு எழுதினேன்: லாத்தா தூங்குகிறார். கையெழுத்தை நாளைக்குப் போடுங்கள். அதுவரை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பிறகு அவருடைய போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை நானே குடித்தேன்.